ஆளுக்குப் பாதி கிரேக்கம்

“உன் தோழிக்கு எல்லாப் பெயரும் தெரிகிறது, ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை. உனக்கு எல்லா வரியும் வாசிக்கத் தெரிகிறது, ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து என்னதான் பண்ணினீர்கள்?”

நேர்முகத் தேர்வு நடத்திய வெளிநாட்டுப் பேராசிரியை இதை ஆங்கிலத்தில் கேட்டார். திரையில் அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் ஒரு பூனை. இந்தப் பக்கம் சிதம்பரத்தில், எங்கள் துறையின் கம்ப்யூட்டர் அறையில், ஒரு காது மட்டும் வேலை செய்யும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

என்ன பண்ணினோமா? தமிழ்நாட்டில் காலேஜ் படித்த எவரும் பண்ணுவதைத்தான் பண்ணினோம். யூனிட் பிரித்துக்கொண்டோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதி சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, “நீ படிக்கவே இல்லையா, தின்னுக்கினுதான் இருந்தியா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அக்கா, படித்தோம். அதுவும் பழங்கிரேக்கம். இந்த வாரம் அந்தக் கதைதான்.

கிரேக்கம் எங்கிருந்து வந்தது?

மொழியியல் எம்.ஏ. முடித்து, ரிசல்ட்டும் வந்து, சும்மா இருந்த நேரம். துறையின் குரூப்பில் ஒரு அறிவிப்பு விழுந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பழங்கிரேக்க வகுப்பு நடத்துகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் முழுநேரம். நன்றாக முடித்தால் அங்கேயே மேலே படிக்க வழி உண்டு. ஒரே நிபந்தனை, அடிப்படைக் கிரேக்கத்தைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு வரவேண்டும்.

குரூப்பில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நானும் சங்கீதாவும் மட்டும் மாட்டிக்கொண்டோம்.

சங்கீதா என் வகுப்புத் தோழி. புவனகிரிப் பக்கம், வயல் வைத்திருக்கிற குடும்பம். நான் கடலூர்ப் பெண். எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினால் படகில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் கிரேக்கச் சொல் ‘தலாத்தா’. அர்த்தம் பார்த்தேன். கடல். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்னவோ அந்த மொழியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

என் பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தாய்மாமா சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பார்க்கிறார். அங்கே ஆய்வகத்தில் சாம்பிள் பதிவு செய்கிற வேலைக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார். கிரேக்கம் கிடைத்தால் கிரேக்கம், கிடைக்காவிட்டால் தேர்வுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் நீலக் கோட்டு. அதுதான் ஒப்பந்தம்.

முதுகு இல்லாத புத்தகம்

நூலகத்தில் கிரேக்க இலக்கணம் என்று இருந்தது ஒரே ஒரு புத்தகம். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம். அட்டையின் முதுகுப்பகுதி எப்போதோ உதிர்ந்துபோய் நூல் கட்டிக் கிடந்தது. திறந்தால் பழைய பீரோவின் வாசனை. தும்மல் நிச்சயம்.

பிரச்சினை கிரேக்கம் இல்லை. பிரச்சினை, அதை விளக்குகிற ஆங்கிலத்தின் நடுவே கிடக்கும் லத்தீன் பெயர்கள். டெனுயிஸ். மீடியா. டெப்போனென்ட். பாலோ-போஸ்ட்-ஃப்யூச்சர். ஒவ்வொன்றும் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கும்.

“மச்சி, இதுல பாதி பேரு டாக்டர் எழுதற சீட்டுல பாத்தது டீ” என்றாள் சங்கீதா.

“அப்ப ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். நீ பேரு, நான் சொல்லு. கடைசி நாள் காலைல ஒக்காந்து மாத்திக்கலாம்.”

“எம்.ஏ. மாதிரியே?”

“எம்.ஏ. மாதிரியே.”

நினைத்துப் பாருங்கள், அஞ்சு யூனிட்டை ரெண்டாகப் பிரித்து, தேர்வு அறை வாசலில் நின்று ஒருத்திக்கு ஒருத்தி கதையாகச் சொல்லி, முதல் வகுப்பு வாங்கியவர்கள் நாங்கள். ஒரு மொழியை மட்டும் பிரிக்க முடியாதா?

அவள் இலக்கணப் பெயர்களையும் விதிகளையும் நெட்டுருப் போட்டாள். நான் சொற்களையும் வாக்கியங்களையும் விழுங்கினேன்.

மெல்லினம் என்று நினைத்தது

நடுவில் ஒரு தரம் மட்டும் எங்கள் பாதிகள் சந்தித்தன. அதுவும் போனில்.

கிரேக்க எழுத்துகளில் ஒரு பகுதியை அந்தப் புத்தகம் மூன்று கூட்டமாகப் பிரித்திருந்தது. அவற்றின் பெயர்களுக்கு அர்த்தம் தேடினால், முதல் கூட்டம் மெலிந்தது, இரண்டாவது நடுவானது, மூன்றாவது முரடானது.

சங்கீதா போனில் கத்தினாள். “மெலிஞ்சது, நடுவுல, முரடு! மெல்லினம், இடையினம், வல்லினம் டீ! நம்மகிட்டருந்து சுட்டுட்டானுங்க!”

“சொல்லாத!”

“சத்தியமா டீ!”

நானும் குதித்தேன். ஆறாங்கிளாஸ் இலக்கணத்தை அலெக்சாண்டர் ஊரில் பார்த்துவிட்ட சந்தோஷம். அந்தக் கூட்டத்தில் எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எழுத்து என் யூனிட், பெயர் அவள் யூனிட். அடுத்தவள் யூனிட்டில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?

தமிழ் படித்த இரண்டு பேரைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவருக்கும் இந்தத் தப்பைப் பண்ண வாய்ப்பே இல்லை. அந்தப் பெருமை எங்களுக்கு மட்டும்.

மெஷின் வந்துடுச்சு

நேர்முகத் தேர்வு நாள். காலையில் துறையில் சந்தித்துப் பாதிகளை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. நான் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. சங்கீதாவின் குரலைவிடப் பின்னால் இரைச்சல் பெரிசாக இருந்தது.

“மச்சி, மெஷின் வந்துடுச்சு!”

அறுவடை மெஷின். சம்பா அறுப்பு நேரத்தில் அது வரும்போதுதான் வரும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்குள் மழை வந்தால் கதை முடிந்தது. வீட்டில் அத்தனை பேரும் வயலில் நிற்க வேண்டும்.

“அப்ப தேர்வு?”

“வரப்புல நின்னுக்கினே பேசறேன். சிக்னல் இருக்கு.”

“பாதி மாத்தணுமே டீ!”

“என் பாதி என்கிட்ட, உன் பாதி உன்கிட்ட. சாமி விட்ட வழி!”

முதலில் அவள் முறை. அடுத்து நான். அப்படித்தான் நீங்கள் தொடக்கத்தில் பார்த்த கேள்வி என் முகத்தில் வந்து விழுந்தது.

மறுபடியும் பூனைக்கு எதிரில்

யூனிட் பிரிக்கும் முறையை ஆங்கிலத்தில் விளக்குவது கிரேக்கத்தைவிடக் கஷ்டம். விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. “அவளை மறுபடி கூப்பிடலாமா?” என்றார்.

திரையில் இன்னொரு கட்டம் திறந்தது. தலையில் துண்டு, முகமெல்லாம் நெல் தூசு, பின்னால் மஞ்சள் மெஷின் திரும்பிக்கொண்டிருந்தது. சங்கீதா பல்லைக் காட்டினாள்.

அவர் ஒரு வாக்கியத்தைத் திரையில் போட்டார். நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். சங்கீதா வரப்பிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கத்தினாள். அப்பப்பா, நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்திருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தையே எழுதி வாங்கியிருப்போம்.

“ஏம்மா சங்கீதா! யாருகிட்ட பேசிக்கினு கெடக்க? சாக்கு புடிக்க ஆளில்ல இங்க!” அவள் அப்பாவின் குரல்.

“இருப்பா! கிரேக்கம்!”

“எந்தக் கிரேக்கமா இருந்தாலும் சாக்கப் புடிச்சிட்டுப் பேசு!”

பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில்தான் முதல்முறை சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார். “ப் என்ற ஒலி எந்தக் கூட்டம்?”

ப் வல்லினம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். “முரடு” என்றேன்.

சங்கீதாவிடம் கேட்டார். “மெலிந்த கூட்டத்துக்கு எடுத்துக்காட்டு?”

“ம், ன்” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

பூனைகூடத் திரும்பிப் பார்த்தது.

“கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லுங்கள்” என்றார். ப் என்றேன். கையில் காற்றே படவில்லை. அடுத்து மூச்சை விட்டு ப்ஹ் என்றேன். புஸ்ஸென்று பட்டது. அவர்கள் பார்த்தது மூச்சை. மூச்சு குறைந்தால் மெலிந்தது, கூடினால் முரடு. நம் ஆட்கள் பார்த்தது ஒலியின் வன்மையை. எங்கள் வல்லினத்தைத்தான் அவர்கள் மெலிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்!

அவர் விடவில்லை. ஒரு வினையைக் காட்டி, “இது ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட்தானே?” என்று கேட்டார்.

“அப்படி ஒரு காலமே கிடையாது மேடம்” என்றாள் சங்கீதா. “முழுப் புத்தகமும் எனக்கு மனப்பாடம்.”

“என்ன புத்தகம்?”

நூல் கட்டிய புத்தகத்தைக் கேமராவுக்குக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார், அந்தப் பெயர்களில் பாதியை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. ஆள் அதேதான், பெயர் மாறிவிட்டது. இன்றைய பெயர்களின் பட்டியலை அனுப்புகிறேன், எது எதுவென்று நீங்களே கண்டுபிடியுங்கள். வியாழக்கிழமை இருவரும் வாருங்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் பாதியோடு. யாரிடம் பாதி மட்டும் இருக்கிறதோ, அவருக்கு இடமில்லை.

வியாழக்கிழமை. மாமாவின் வேலையோ திங்கட்கிழமை.

நீலக் கோட்டு

ஞாயிறு காலை மாமா வண்டியில் வந்து இறங்கினார். கையில் கவர். கவருக்குள் நீலக் கோட்டு, இஸ்திரி போட்டு.

“மருமவளே, போட்டுப் பாரு. கை நீளமா இருந்தா தச்சிரலாம்.”

“மாமா, வியாழக்கிழம வரைக்கும் டைம் கேளேன்.”

“ஏன், தேர்வு முடிஞ்சுதுன்னு சொன்ன?”

“பாதிதான் முடிஞ்சுது.”

“அது என்னா பாதி? மீதிப் பாதி எங்க போச்சு?”

“புவனகிரில இருக்கு.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தைத்துக்கொண்டிருந்த மீன்வலையைப் பார்த்தார்.

“இங்க பாரு. ஷிப்ட் ஆபீசர்கிட்ட நான் கெஞ்சி வாங்குனது. நாளைக்கி நீ வரலன்னா வேற ஆளப் போட்ருவான். வியாழக்கிழம ஒனக்கு அதுவும் கெடைக்கலன்னா?”

“ரெண்டும் இருக்காது.”

“தெரிஞ்சே சொல்றியா?”

“தெரிஞ்சே சொல்றேன் மாமா.”

“அந்த கிரேக்கம் எந்த ஊர்ல பேசறானுங்க?”

“இப்ப யாரும் பேசல.”

மாமா கோட்டை மடித்துக் கவருக்குள் வைத்தார். கோபமாக மடித்தாலும் மடிப்பு நேராக இருந்தது. “அக்கா, ஒம் பொண்ணு பேசறதுக்கு ஆளில்லாத பாஷைக்கு இருக்கற வேலைய விடறா” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். திங்கட்கிழமை காலை அந்த இடத்துக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அம்மா என்னிடம் தண்ணீர் கொடுக்கும்போதுகூட டம்ளரை நங்கென்று வைத்தார்.

எனக்கு வெறி ஏறியது.

பிளாட்பாரத்தில் பட்டப்பெயர்

நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, சங்கீதா சிதம்பரம் வந்துவிட்டாள். பகலெல்லாம் நூலகம். மாலையில் என்னை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்கு வருவாள். ரயில் எப்போதும் தாமதம். எங்கள் நல்ல காலம்.

ஒரு பக்கம் பழைய பெயர்கள், இன்னொரு பக்கம் பட்டியலில் வந்த புதிய பெயர்கள். இரண்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அப்போதுதான் எங்கள் ஸ்கூல் பி.டி. வாத்தியார் நினைவுக்கு வந்தார். சீனியர் செட் அவரை ‘சைரன்’ என்றது. எங்கள் செட் ‘பிரஷர் குக்கர்’ என்றது. பழைய மாணவர் கூட்டத்தில் இரண்டு செட்டும் அரை மணி நேரம் தனித்தனி ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒருத்தி, “பேர விடுங்க டீ. அந்த ஆளு என்னா பண்ணுவாரு, அத சொல்லுங்க” என்றாள். எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம், “விசில முழுங்கற மாதிரி ஊதுவாரு!”

“சங்கீ, பேர விடு. அது வாக்கியத்துல என்னா பண்ணுது, அத மட்டும் பாரு. நாமளே ஒரு பட்டப்பேரு வைப்போம். அப்பறம் பழசையும் புதுசையும் அதுல கட்டிக்கலாம்.”

பெஞ்சிலேயே ஆரம்பித்தோம். ஒரு வகை வினை, உடுப்பைப் பார்த்தால் யாரோ அதற்கு ஏதோ செய்த மாதிரி இருக்கும், உண்மையில் வேலையைச் செய்வது அதுதான். எதிர் நடைமேடையில் சாதாரணச் சட்டையில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் நின்றார். பூட்ஸைப் பார்த்தே எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். “மஃப்டி வினை!” என்றேன்.

இன்னொரு வகைச் சொல், தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் சொல்லின் மேல் சாய்ந்து தன் அழுத்தத்தையும் அதனிடமே கொடுத்துவிடும். எங்கள் பெஞ்சின் மறுமுனையில் ஒரு அண்ணன் பக்கத்து ஆளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தார். “தோள்சாய்ஞ்சான்” என்றாள் சங்கீதா.

பாலோ-போஸ்ட்-ஃப்யூச்சருக்கு வந்தோம். பாலோ போஸ்ட் என்றால் கொஞ்சம் கழித்து. இனிமேல்தான் நடக்கும், ஆனால் நீ போய்ப் பார்க்கும்போது முடிந்திருக்கும். சமைத்திருப்பேன், வந்திருப்பான், எழுதியிருக்கும். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கரகரத்தது. இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். “சற்று நேரக் காலம்!” பட்டியலில் எதிரே இருந்த புதிய பெயர், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட். இல்லவே இல்லை என்று சங்கீதா சத்தியம் பண்ணிய அதே ஆள்.

உண்மையான அதிர்ச்சி அதற்கப்புறம். வேடிக்கைக்காக, பழைய பெயர்களின் மூல அர்த்தத்தை போனில் தேடினாள். சட்டென்று என் முழங்கையைக் கிள்ளினாள்.

“மச்சி, டெப்போனென்ட்னா கழட்டி வச்சது.”

“என்னாத்த?”

“அதான் டீ! உடுப்ப! மஃப்டி! தோள்சாய்ஞ்சானுக்கு அவுங்க வச்ச பேருக்கு அர்த்தம் தெரியுமா? சாய்ஞ்சது. அவ்ளோதான். சாய்ஞ்சது!”

இத்தனை நாள் நான் வியாதிப் பெயர் என்று பயந்ததெல்லாம் எவனோ ஒருத்தன், எங்களை மாதிரியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, “டேய், இது பாருடா, சாயுது!” என்று கத்தி வைத்த பட்டப்பெயர். அப்புறம் வந்தவர்கள் அதற்குக் கோட்டு மாட்டி, இஸ்திரி போட்டு, மரியாதை கொடுத்துவிட்டார்கள். நாங்கள் வெறும் கோட்டைப் பார்த்து மிரண்டிருக்கிறோம்.

அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டேன். கண்ணெதிரே வந்தது, நின்றது, போனது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

வியாழக்கிழமை

இந்த முறை ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். ஆனால் ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் வெளியே.

சங்கீதா வாசித்தாள். தடுக்கித் தடுக்கி, ஆனால் வாசித்தாள். கதவின் வழியே கேட்டபோது என் உதடும் அவளோடு அசைந்தது. அடுத்து நான். ஒவ்வொரு சொல்லையும் காட்டி அவர் பெயர் கேட்டார். மனசுக்குள் மஃப்டி, வாயில் டெப்போனென்ட். மனசுக்குள் தோள்சாய்ஞ்சான், வாயில் என்கிளிட்டிக். பழையதையும் சொன்னேன், புதியதையும் சொன்னேன். எப்படி நினைவு வைத்தாய் என்று கேட்டார். போலீஸ்காரர் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

முடிந்ததும் சங்கீதாவை உள்ளே அழைத்தார். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்தோம். பூனை மேசைமேல் ஏறி கேமராவை மறைத்தது. அதை இறக்கிவிட்டு, ஆங்கிலத்தில் எதுவும் சொல்லாமல், நிதானமாக ஒரு வரி சொன்னார்.

“தா ஒனோமதா கெகிராப்செதை.”

ஒனோமதா, பெயர்கள். கெகிராப்செதை, சற்று நேரக் காலம். பெயர்கள் எழுதப்பட்டிருக்கும்.

பெயர்கள். ஒருத்தி பெயர் மட்டும் அல்ல, இருவர் பெயரும்.

நான் யோசிக்கவே இல்லை, அர்த்தம் தானாக வந்தது. சங்கீதாவுக்கும் அதே நொடியில் வந்திருக்க வேண்டும். நாற்காலி சாய்ந்து இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். ஹெட்போன் மட்டும் மேலே தொங்கிக்கொண்டு, அவர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாலை, ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கும்போது போன் அடித்தது. மாமா. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னாச்சு?”

“ரெண்டு பேருக்கும் கெடச்சிருச்சு மாமா.”

அவர் பின்னால் பாய்லர் இரைந்தது.

“சாப்ட்டியா?”

“இல்ல.”

“ரயிலு எப்ப?”

“லேட்டு மாமா. நான் ஆட்டோல போய்க்கிறேன், நீ அலையாத.”

“ஆட்டோல்லாம் ஒண்ணும் வேணாம். நீ திருப்பாதிரிப்புலியூர்ல எறங்கறதுக்குள்ள நான் வந்து நின்னுருப்பேன்.”

போனை வைத்துவிட்டார். சங்கீதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டியா டீ? சற்று நேரக் காலம்!”

கேட்டேன்.